இடது கண்ணில் வெள்ளை, வலது கண்ணில் பச்சை

மராகேஷ், பாப் துக்காலா,
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஸாஃபி நகரில் வசிக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் ஹாஜி மஹ்ஜூப் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஸுபைதாவின் கணவன் இத்ரீஸ் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்ததா, வீட்டார் நலமா, பிள்ளைகள் நலமா, பிள்ளைகளின் பிள்ளைகள் நலமா, மொட்டைமாடியில் கட்டி வளர்க்கும் ஆடு நலமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நலம் என்று எழுதுவதை விட்டு இப்படி எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். நடக்கிற விஷயங்களைப் பார்த்தால் இதை எங்காவது எழுத்தில் பதிந்து வைப்பது நல்லது என்று தோன்றியது. போனில் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். பிரச்சினையே அந்தப் போனில் வருகிற படத்தால்தான், மச்சான்.

நான் முப்பத்தொரு வருடம் நகராட்சியில் சுவர் நிறம் பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்பது தாங்கள் அறியாததல்ல. இந்த ஊரில் எவன் வீடு கட்டினாலும் வெளிச்சுவருக்கு ஊர்ச் சிவப்புதான் அடிக்க வேண்டும். அது ரோஜாவாகவும் இருக்கக்கூடாது, செங்கல்லாகவும் இருக்கக்கூடாது. மாதிரி அட்டையைச் சுவரில் ஒட்டவைத்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்ப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் நோட்டீஸ். அமைச்சர் வீட்டுச் சம்பந்தி வந்து கெஞ்சியபோதும் அரை மாற்றுக்கு நான் இறங்கியதில்லை. என் கண்ணை ஏமாற்றிய சுண்ணாம்பு இந்த ஊரில் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்குச் சரியாக ஒரு வாரம் முந்தித்தான் ஸுபைதா நம் பெண் இக்ராமின் பிரசவத்துக்காக டாஞ்சியர் போனாள். நாற்பது நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். போ, எனக்கென்ன குறை, ஒரு ஜாடியில் கறியும் பூண்டும் போட்டுக் கட்டி ஹம்மாம் குளியல்கூடத்து அடுப்புக்காரனிடம் கொடுத்தால் சாம்பலில் வைத்து வேகவைத்துத் தரப்போகிறான், இரண்டு நாளைக்கு அதுவே போதும் என்று நான்தான் அனுப்பி வைத்தேன். தினமும் முகம் பார்த்துப் பேசட்டும் என்று மருமகன் ரொட்டித் தட்டு அளவுக்கு ஒரு டேப் வாங்கி அனுப்பினான். மெல்லிசு, பளபளப்பு, தொட்டால் வெளிச்சம் பாய்கிறது. ஆஸ்பத்திரியில் கண் கட்டை அவிழ்த்த அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அதை ஜன்னல் படியில் நிறுத்தி வைத்து ஸுபைதாவைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை.

தங்கள் தகப்பனார் காலமானபோது தங்கள் தாயார் இருந்த இருப்பு எனக்கு மறக்கவில்லை, மச்சான். நாலு மாதம் பத்து நாள், வெள்ளை ஜில்லாபா அங்கி, வெள்ளைத் தலைத்துணி, வெள்ளைக் காலுறை, வெள்ளைச் செருப்பு. வாசலுக்கு வராமல், கண்ணாடி பார்க்காமல், மருதாணி தொடாமல் இருந்தார். நம் ஊரில் ஒரு பெண் அந்த உடுப்பில் இருந்தால் அவள் புருஷனைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்த டேப்பில் இருந்த பெண்ணின் புருஷன் நான்.

"யாரு மவுத்து?" என்றேன், ஸலாம்கூடச் சொல்லாமல்.

"எடுத்த உடனே என்னங்க பேச்சு இது? புள்ளை பொறந்த வீடு. இங்க யாரும் மவுத்தாகலை."

"அப்புறம் எதுக்கு வெள்ளை உடுத்தியிருக்கே?"

"எது வெள்ளை? இது பாதாம் பச்சைங்க. இங்க வந்துதான் தச்சேன். துணி எப்படி இருக்குன்னு கேப்பீங்கன்னு பாத்தா, மவுத்தா மையித்தான்னு கேக்கறீங்க."

பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்த இக்ராம் எட்டிப் பார்த்து, "வாப்பா, அது பிஸ்தா பச்சை. உம்மா சொல்ற மாதிரி பாதாம் இல்லை. ஆனா பச்சைதான்" என்றாள். நான் கட்டு அவிழ்த்த கண்ணில் தண்ணீர் வடிவதைத் துடைக்க இடது கையால் அதை மூடினேன். உடனே ஸுபைதா பச்சையாகிவிட்டாள். அழகான பச்சை, மச்சான், பிஞ்சு பாதாமின் தோல் மாதிரி. கையை எடுத்து வலது கண்ணை மூடினேன். வெள்ளை. இடதை மூடினேன், பச்சை. வலதை மூடினேன், வெள்ளை. இப்படியே ஏழெட்டுத் தடவை ஆன பிறகு இக்ராம், "உம்மா, வாப்பா உன்னைப் பாத்துக் கண்ணடிக்கிறாங்க" என்று சிரித்தாள். ஸுபைதா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "புதுக் கண்ணு வந்ததும் வாலிபம் திரும்பிடுச்சு போல, மனுஷனுக்கு வெக்கமே இல்லை" என்றாள். அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்டது. இடது கண்ணில் தெரிந்த பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு பொருந்தவில்லை.

அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு எனக்கு இதே வேலையாகிவிட்டது. ஒரு கண்ணில் நான் இருக்கிறேன், இன்னொரு கண்ணில் இல்லை. அவள் பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் கீழே பார்க்கிறாள். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், கேமரா மேலே இருக்கிறது என்று இக்ராம் விளக்கினாள். வலது கண்ணால் பார்க்கும்போது அந்த விளக்கம் சரியாக இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால், போனவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுகிற மாதிரியே இருக்கிறது. ஏழாம் நாள் ஆடறுத்துப் பெயர் வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஸுபைதாவின் தலையில் முத்தமிட்டு, காதில் ஏதோ சொல்லிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். வலது கண்ணில் அது பேரன் பிறந்த வீடு. இடது கண்ணில் நான் பார்த்த வீட்டில் யாரும் பிறந்திருக்கவில்லை. அதைவிட மோசம், இந்த டேப்பின் மூலையில் தபால்தலை அளவுக்கு நம் முகத்தையும் காட்டுகிறார்கள். வலது கண்ணுக்கு அது அறுபத்தெட்டு வயது இத்ரீஸ், கொஞ்சம் சவரம் பண்ண வேண்டும், அவ்வளவுதான். இடது கண்ணுக்கு அந்த முகத்தில் ரத்தமே இல்லை. குளிப்பாட்டுகிற பலகையில் படுக்க வைத்த முகம். நான் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கிறது, ஆனால் ஒரு நொடி தாமதமாக.

இன்னொன்றும் சொல்கிறேன், தாங்கள் சிரிக்கக்கூடாது. இடது கண்ணில் அவள் உதடு ஒரு மாதிரி மங்கிய ஊதாவாகத் தெரிகிறது. வால்நட் பட்டை தேய்த்திருக்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். நம் பெண்கள் கல்யாணத்துக்குப் போகும்போது உதட்டிலும் ஈறிலும் தேய்த்துக்கொள்வார்களே, அது. கேட்டதற்கு, "இந்த வயசுல பட்டை தேச்சுக்கிட்டு யாருக்குக் காட்டப் போறேன், சம்பந்தியம்மாவுக்கா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். துக்கத்தில் இருக்கிற பெண்கள் இப்படித்தான் பாதிப் பேச்சில் நின்றுவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு மிச்சத்தைப் பேசுவார்கள். அவசரமாக இடது கண்ணை மூடி அவளைப் பச்சையாக்கிக்கொண்டேன். பச்சையில் உதடும் பழைய உதடாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னை ஒரு கண்ணில் காணவில்லை என்றும் சொன்னேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அறுபது வருஷமா நீங்க டீ குடிச்ச கிளாஸ் வழியாத்தான் உலகத்தைப் பாத்துட்டு இருந்தீங்க, ஹாஜி. கறை கொஞ்சம் கொஞ்சமா ஏறினதால தெரியலை. இப்ப ஒரு கிளாஸைக் கழுவியாச்சு. வர வியாழக்கிழமை இன்னொண்ணையும் கழுவிட்டா சரியாயிடும்" என்றார்.

"சரியாயிடும்னா, எந்த நிறம் தெரியும்?"

"இப்ப இடது கண்ணு எதைக் காட்டுதோ, அதுதான் ரெண்டுலயும்."

"அப்ப இடது கண்ணு சொல்றதுதான் உண்மை?"

"ரெண்டுல அதுதான் சுத்தமாப் பாக்குது. ஆனா அந்தத் திரையை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அதுக்குள்ள துணியும் இல்லை, சாயமும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பொடி விளக்கு. அதைக் கலந்து நிறமாக்குறது உங்க தலைதான். ஆளுக்கு ஆள் அந்தக் கலவை மாறும், திரைக்குத் திரையும் மாறும். நானும் என் தங்கச்சியும் ஒரே போனைப் பாத்துட்டு இன்னைக்கு வரைக்கும் சண்டை போடறோம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் வீடு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது வலது கண் ஒன்றில்தான் நான் உயிரோடு இருக்கிறேன். வியாழக்கிழமை அதையும் கழுவிவிடப் போகிறார்கள்.

திரைக்குத் திரை மாறும் என்றாரே, அதைச் சோதித்துவிடலாம் என்று முந்தாநாள் காலை டேப்பைத் தூக்கிக்கொண்டு ஜிலாலி கடைக்குப் போனேன். போன் ரிப்பேர் பண்ணுகிறவன். பதினாலு வருடத்துக்கு முன் அவன் வீட்டுச் சுவரை மூன்று தடவை மாற்றி அடிக்க வைத்தவன் நான்தான், அதனால் என்னைக் கேலி பேச வாய்ப்புக் கிடைத்தால் அவனுக்குத் திருவிழா. நான் விஷயத்தைச் சொன்னதும் மகிழ்ச்சியோடு ஏழு போன்களை மேஜையில் வரிசையாக வைத்து, இக்ராம் அனுப்பியிருந்த ஸுபைதாவின் படத்தை எல்லாவற்றிலும் ஏற்றினான். ஏழு ஸுபைதா. முதல் போனில் என் இரண்டு கண்ணுக்கும் பச்சை. இரண்டாவதில் இடது கண்ணுக்குச் சாம்பல், வலதுக்கு மஞ்சள். நாலாவது போன் இரண்டு கண்ணிலும் ஊதாக் கலந்து காட்டியது. டேப்பில் மட்டும் பழைய கதைதான். இதற்குள் புதினா விற்கிறவர், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்று கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் மனைவியின் உடுப்பைப் பற்றி இவ்வளவு பேர் கருத்துச் சொல்வது முறையில்லைதான். ஆனால் எனக்கு அப்போது சாட்சிகள் தேவைப்பட்டார்கள்.

"தயிரு" என்றார் தபால்காரர், டேப்பைப் பார்த்து.

"எந்த ஊருத் தயிரு இப்படி இருக்கு? இது வெள்ளரிக்காயோட உள்பக்கம்" என்றார் புதினாக்காரர்.

"நீ நாள் முழுக்கப் புதினாவையே பாக்கறே, உனக்கு என் மாமியாரும் பச்சையாத்தான் தெரிவா" என்றான் ஜிலாலி.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, "எலுமிச்சம்பழத் தோல். இதுல விவாதத்துக்கே இடமில்லை" என்றார். உடனே நாலு பேரும் விவாதிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இன்னொருவரின் தகப்பனார் கண்பார்வை வரைக்கும் போய்விட்டார். ஜிலாலி இதையெல்லாம் ரசித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏன் இன்ஸ்பெக்டர், அன்னைக்கு என் சுவத்துல அட்டையை வெச்சுப் பாத்தீங்களே, எந்தக் கண்ணால பாத்தீங்க?"

"அப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"உங்க ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. என்னோட ரெண்டு? என் கண்ணுக்கு அது முதல் தடவையே ஊர்ச் சிவப்பாத்தான் இருந்துச்சு. நான் சத்தியம் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பொய் சத்தியம் பண்ணுகிறான் என்று குறிப்பேட்டில் எழுதியதும் ஞாபகம் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது, மச்சான். அவனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. போனுக்குப் பேட்டரி மாற்ற வந்த ஒரு பெண். வயது ஐம்பது இருக்கும். தலை முதல் கால் வரை வெள்ளை. சந்தேகம் வேண்டாம், என் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டேன். அசல் வெள்ளை, காலுறை உட்பட. அந்தப் பெண் மேஜையிலிருந்த டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அல்லாஹ் இவங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். புருஷன் எப்ப தவறினாரு?" என்று கேட்டாள்.

"தவறலை, அம்மா. அது பச்சைத் துணி. அவ புருஷன் உயிரோடதான் இருக்கான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமோ கேலியோ இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான்தான் அவன் என்று சொல்ல வாயெடுத்தேன். டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஜிலாலிதான் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தான். வாசல்வரை கூடவே வந்தான், கேலி பேசவில்லை. "என் கண்ணுக்குப் பச்சைதான் இன்ஸ்பெக்டர், நிம்மதியாப் போய்ச் சாப்பிடுங்க" என்றான். மூன்று நோட்டீஸ் கொடுத்து அவனைச் சுவரடிக்க வைத்த என்னிடம் அவன் இவ்வளவு நல்ல மனதோடு பேசியதில்லை. அவன் என் மேல் இரக்கப்பட்டது அந்தப் பெண் கேட்டதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று ஸுபைதாவிடம் வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஒத்தக் கண்ணோட எத்தனை நாளைக்கு நடப்பீங்க? மாடிப்படியில விழுந்து கிடந்தா யார் பாக்கறது? வியாழக்கிழமை நீங்க போகலைன்னா நான் ரயிலேறி வந்துடுவேன்."

"வா. ஆனா வேற உடுப்புல வா. அந்தச் சிவப்பு கஃப்தான் என்னாச்சு? ஒரு நாளாவது வேற எதையாவது போட்டுக்கிட்டு வந்து உக்காரக் கூடாதா?"

"மத்தது எல்லாம் கனமா இருக்குங்க. போட்டா மூச்சு முட்டுது. இது ஒண்ணுதான் லேசா இருக்கு. இந்த வீடு மூணாவது மாடி, ஏறி இறங்கறதுக்குள்ள..."

"மூச்சைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல நிறத்துக்கு ஒரு வழி சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். அதாவது கொஞ்சம் கீழே பார்த்தாள். "சரிங்க, இக்ராமோட நீலத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மச்சான், தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. சாவதைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை, பென்ஷன் வாங்குகிறவனுக்கு அது அடுத்த அலுவலகம் மாதிரிதான். ஆனால் ஸுபைதாவை நாலு மாதம் பத்து நாள் ஒரு மூலையில் உட்கார வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளால் ஒரு நாள் வீட்டில் அடங்கி உட்கார முடியாது, ஹம்மாமுக்குப் போனால் பத்து வீட்டுக் கதையோடு திரும்பி வருகிறவள். அவளை அந்த நாற்காலியில் அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆகவே தாங்கள் மூத்த அண்ணன் என்ற முறையில் ஒரு போன் போட்டு, அந்த ஜில்லாபாவை இனி தொடக் கூடாது என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். என் ஆபரேஷனை அவள் வீடு திரும்பும்வரை தள்ளி வைக்கவும் தாங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் எதிர்த்துப் பேசுவாள், தாங்கள் சொன்னால் தங்களிடம் சரி என்று சொல்லிவிட்டு என்னை எதிர்த்துப் பேசுவாள், அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

தங்கள் வீட்டில் பரக்கத்து பெருகவும், தங்கள் முழங்கால் படியேறும் அளவுக்குக் குணமாகவும், ஆடு பெருநாள்வரை கொழுக்கவும், நாம் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் நாள் விரைவில் வரவும் துஆச் செய்கிறேன். தாங்களும் எனக்காகச் செய்யுங்கள், குறிப்பாக வலது கண்ணுக்காக.

இப்படிக்கு, இதை எழுதும் நேரத்தில் உயிரோடு இருக்கும்,
இத்ரீஸ்.

பின்குறிப்பு: டாஞ்சியர், ஞாயிற்றுக்கிழமை. மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதி மடித்து ஜில்லாபாப் பையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை தபாலில் போடக் கிளம்பும்போது இக்ராம் கூப்பிட்டுவிட்டாள். கடிதம் பையிலேயே என்னோடு ரயிலேறி இங்கே வந்துவிட்டது. முழங்காலோடு தங்களால் வர முடியவில்லை என்பதில் யாருக்கும் வருத்தமில்லை, மச்சான். நேற்று போனில், என் தங்கச்சி முகம் எப்படி இருந்துச்சு என்று கேட்டீர்கள். எனக்குப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கபன் துணி சுற்றிய பிறகு முகத்தைத் திறந்து காட்டினார்கள். அமைதியாக இருந்தது. எந்தக் கண்ணையும் மூடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஜில்லாபாவை இக்ராம் மடித்து என் கையில் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் விரித்தேன். பச்சைதான். இரண்டு கண்ணுக்கும் பச்சை. அதில் வேறு எந்த அர்த்தமும் இல்லை, நல்ல துணி, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இறப்புச் சீட்டு எழுதின டாக்டர், இருதயம் மூன்று நாலு வாரமாகவே தளர்ந்துகொண்டு வந்திருக்கிறது என்றார். "உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்குமே, வீட்டுல யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். பிரசவம் நடந்த வீடு, பிள்ளைக்காக ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்ட அறை, உம்மா சிரித்துக்கொண்டேதான் இருந்தாங்க என்று இக்ராம் அழுதுகொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன். நான் பார்த்தேன், மச்சான். மூன்று வாரம், தினமும் அஸருக்குப் பிறகு பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தக் கண்ணை மூடிக்கொண்டேன்.